மாடரேட்டர் தேர்தல்: ஓட்டுப் போடும் முன் வேட்பாளரின் பழைய நடவடிக்கைகளைப் படிப்பது எப்படி?

நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் மாடரேட்டர் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால், பெங்களூரில் இருக்கும் தமிழ் ஐடி ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பிக்கும்: "நம்ம பையன் ஒருத்தன் நிக்கிறான், எல்லாரும் ஓட்டுப் போட்டுடுங்க." யார், என்ன செய்திருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. தமிழ்ப் பெயர், ஒயிட்ஃபீல்டில் வேலை, அவ்வளவு போதும். வேறு சிலர் ரெபுடேஷன் எண்ணை (ஒருவரின் பதிவுகளுக்கு மற்றவர்கள் போடும் ஓட்டில் சேரும் புள்ளி) மட்டும் பார்த்து, அதிகம் உள்ளவரை முதலில் வைப்பார்கள். ஓட்டுப் போட்டால் கிடைக்கும் பேட்ஜுக்காகவே நாலு பெயரை க்ளிக் செய்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

இந்த ஓட்டுக்குக் கனம் அதிகம். ஒரு கேள்வியை, இனி யாரும் பதில் எழுத முடியாதபடி, மூடச் சாதாரணப் பயனர்கள் மூன்று பேர் சேர வேண்டும். மாடரேட்டர் ஒருவரே மூடிவிடலாம். பதிவை நீக்குவதும், ஒருவரின் கணக்கைச் சில நாள் நிறுத்தி வைப்பதும் அவர் கையில் இருக்கிறது. பதவிக்காலம் என்றும் எதுவும் கிடையாது. அவராக விலகும் வரை, அல்லது விலக்கப்படும் வரை, அவர்தான் மாடரேட்டர். கோவையிலோ நெல்லையிலோ கல்லூரி முடித்து, வேலை தேடி இங்கே வந்து, மடிவாளா பிஜி அறையில் உட்கார்ந்து தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் முதல் கேள்வி கேட்கும் ஒருவரை எப்படி நடத்துவது என்பதை முடிவு செய்யப்போகிறவர் இவர். அதனால் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, ஒழுங்காகப் பார்த்துவிட்டு ஓட்டுப் போடலாம். எதை, எந்த வரிசையில் பார்ப்பது என்று கீழே எழுதியிருக்கிறேன். 150 ரெபுடேஷன் இருந்தாலே உங்களுக்கு ஓட்டு உண்டு.

முதலில் எண்களை அவற்றின் இடத்தில் வையுங்கள்

வேட்பாளர் பெயருக்குக் கீழே 40-க்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் இருக்கும். அதில் 20 புள்ளி ரெபுடேஷனுக்கு: ஆயிரத்துக்கு ஒரு புள்ளி, 20,000-க்கு மேல் எவ்வளவு இருந்தாலும் 20-தான். மீதி 20 புள்ளி பேட்ஜ்களுக்கு. மேற்பார்வை வேலைக்கு 8, பங்கேற்புக்கு 6, எடிட் செய்ததற்கு 6.

இது எதைக் காட்டுகிறது? ஆள் நீண்ட நாளாக இருக்கிறார், தளத்தின் கருவிகளைத் தொட்டுப் பார்த்திருக்கிறார் என்பதைக் காட்டுகிறது. எப்படிப்பட்டவர் என்பது இதில் தெரியாது. இரண்டு லட்சம் ரெபுடேஷன் உள்ளவருக்கு ஜாவாவோ சி ஷார்ப்போ அத்துப்படியாக இருக்கலாம். ஆனால் பதில் எழுதத் தெரிந்ததும் பஞ்சாயத்து செய்யத் தெரிந்ததும் ஒன்றல்ல. 8,000 ரெபுடேஷனோடு மற்றவர்களின் பதிவுகளைப் பொறுமையாக வரிசை வரிசையாக ரிவ்யூ செய்திருப்பவர் பல சமயம் மேலான தேர்வு.

பேட்ஜ்களில் நான் முதலில் தேடுவது இரண்டு. டெபுட்டி பேட்ஜ் என்றால், அவர் கொடுத்த ஃபிளாக்குகளில் (ஒரு பதிவில் சிக்கல் இருக்கிறது என்று தளத்துக்குத் தெரிவிக்கும் புகார்) குறைந்தது 80 பயனுள்ளவை என்று ஏற்கப்பட்டிருக்கின்றன. மார்ஷல் என்றால் 500. ஒவ்வொருவரின் ஃபிளாக்குகளையும் நம்மால் பார்க்க முடியாது என்பதால், வெளியில் தெரியும் ஒரே தடயம் கிட்டத்தட்ட இதுதான். மாடரேட்டரின் அன்றாட வேலையே மற்றவர்களின் ஃபிளாக்குகளைக் கையாள்வது. ஒரு ஃபிளாக்கூடக் கொடுத்துப் பார்க்காதவர் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் எனக்குத் தயக்கம்தான். பேட்ஜ் கிடைத்த தேதியையும் பாருங்கள். தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு நான்கு பேட்ஜ்கள் மொத்தமாக வந்திருந்தால், அந்த வேலையைத் தேர்தலுக்காகச் செய்திருக்க வாய்ப்பு உண்டு.

எங்கே பார்ப்பது, எதை எடுப்பது

ப்ரொஃபைலில் ஆக்டிவிட்டி பகுதிக்குப் போனால் எல்லா நடவடிக்கைகளும் தேதிவாரியாக இருக்கும். கமெண்ட்கள், திருத்தங்கள், ரிவ்யூக்கள் எனத் தனித்தனியாகவும் பிரித்துப் பார்க்கலாம். எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழி) தெரிந்தவர்களுக்கு ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் டேட்டா எக்ஸ்ப்ளோரர் என்ற கருவி இருக்கிறது. வாரம் ஒருமுறை அதில் தரவு புதுப்பிக்கப்படும். ஒருவர் மாதாமாதம் எத்தனை கமெண்ட் எழுதினார், எத்தனை எடிட் செய்தார் என்று ஒரு சின்ன க்வெரியில் எடுத்துவிடலாம்.

முதல் பக்கத்தில் வரும் புதிய பதிவுகளோடு நிறுத்திவிடாதீர்கள். தேர்தல் நெருங்கும்போது எல்லோருமே கொஞ்சம் நல்லவர்களாகிவிடுவார்கள். கடந்த இரண்டு ஆண்டிலிருந்து மூன்று மாதங்களை நீங்களே தேர்ந்தெடுங்கள், அடுத்தடுத்த மாதங்களாக இல்லாமல். அந்த மாதங்களில் அவர் செய்த எல்லாவற்றையும் புரட்டுங்கள். வேட்பாளரின் ஆதரவாளர் அனுப்பும் லிங்கும், அவரைப் பிடிக்காதவர் அனுப்பும் லிங்கும் கடைசியில் பார்க்க வேண்டியவை. இரண்டுமே பொறுக்கி எடுத்தவை.

நடுவில் சில மாதம் ஆளே காணாமல் போயிருந்தால் அதைக் குற்றமாக எண்ண வேண்டாம். ரிலீஸ், வேலை மாற்றம், குழந்தை, பெற்றோர் உடல்நிலை, எல்லோருக்கும் வரும். திரும்பி வந்தபின் பழையபடி ஈடுபட்டாரா என்பதே கேள்வி.

கமெண்ட்களைப் படியுங்கள்

மொத்த ஆய்வில் பாதி நேரத்தை இதற்குக் கொடுக்கச் சொல்வேன். பதில் எழுதும்போது மனிதர் யோசித்து எழுதுகிறார். கமெண்ட் போகிற போக்கில் எழுதுவது. சுபாவம் அங்கேதான் தெரியும்.

புதிதாக வந்தவரிடம் பேசும் கமெண்ட்களை முதலில் எடுங்கள். ஒருவர் பிழைச் செய்தியைப் படமாக ஒட்டி, "வேலை செய்யவில்லை, உதவுங்கள்" என்று மட்டும் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேட்பாளர், "டாக்குமெண்டேஷனைப் படித்துவிட்டு வாருங்கள்" என்கிறார். இன்னொருவர், "பிழைச் செய்தியைப் படமாக இல்லாமல் எழுத்தாகப் போடுங்கள், கோடில் சம்பந்தப்பட்ட பத்து வரியையும் சேருங்கள், அப்போதுதான் யாராலும் பதில் சொல்ல முடியும்" என்கிறார். இரண்டு பேரும் கேள்வியை மூடவே ஓட்டுப் போட்டிருக்கலாம். விதிப்படி இரண்டும் சரி. ஆனால் முதலாமவரிடம் மாட்டியவர் திரும்பி வரமாட்டார். இரண்டாமவரிடம் பேசியவர் கேள்வியைத் திருத்திக்கொண்டு வருவார்.

இங்கே ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். ஒரு நாளில் நாற்பது மோசமான கேள்விகளைப் பார்ப்பவருக்குச் சலிப்பு வரும், எப்போதாவது ஒரு வார்த்தை கடுமையாக விழும். ஒரு கமெண்டை வைத்து ஒருவரைத் தீர்க்கக் கூடாது. ஒரே தொனி ஆறு மாதம் தொடர்கிறதா என்பதைப் பாருங்கள்.

அடுத்து, அவர் சொன்னது தவறு என்று யாராவது சுட்டிக்காட்டிய இடங்களைத் தேடுங்கள். அவருடைய பதில்களில் மைனஸ் விழுந்தவற்றைத் திறந்து, கீழே ஓடும் உரையாடலைப் படியுங்கள். "நீங்கள் சொல்வது சரி, திருத்திவிட்டேன்" என்று எழுதி உண்மையிலேயே திருத்தியிருக்கிறாரா? வாதத்தை வளர்த்துக்கொண்டே போகிறாரா? அல்லது எதிராளியின் ரெபுடேஷனைக் குத்திக்காட்டுகிறாரா? இந்த மூன்றாவது வகை எனக்கு மிகப் பெரிய அபாய அறிகுறி. அதிகாரம் கைக்கு வருவதற்கு முன்பே படிநிலையைக் காட்டி வாயை மூடுகிறவர், வந்தபின் மாறுவார் என்று நம்ப இடமில்லை.

நீக்கப்பட்ட கமெண்ட்களை நம்மால் பார்க்க முடியாது. ஆனால் எதிர்த்தரப்பின் பதில்கள் சில சமயம் மிச்சமிருக்கும். மூன்று பேர் யாருக்கோ கோபமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்க, அந்த யாரோ அங்கே இல்லையென்றால், ஏதோ ஒன்று நீக்கப்பட்டிருக்கிறது. எழுதியவர் வேட்பாளர்தான் என்று அதை வைத்தே முடிவு கட்டாதீர்கள். அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூடியதும் திருத்தியதும்

ஒவ்வொரு பதிவின் ஓரத்திலும் கடிகாரம் போன்ற ஒரு குறி உண்டு. அதை அழுத்தினால் அந்தப் பதிவின் காலவரிசை முழுதும் வரும்: யார் மூட ஓட்டுப் போட்டார்கள், என்ன காரணம் சொன்னார்கள், எப்போது திருத்தப்பட்டது, திரும்பத் திறக்கப்பட்டதா. வேட்பாளர் பங்கேற்ற பத்து பதினைந்து மூடல்களை இப்படித் திறந்து பாருங்கள்.

நான் பார்க்கும் முதல் விஷயம், காரணம் பொருந்துகிறதா என்பது. பழைய கேள்வியின் நகல் என்று மூடியிருந்தால், அந்தப் பழைய கேள்வியையும் திறந்து படியுங்கள். அதன் பதில் இந்தப் புதியவரின் சிக்கலை உண்மையிலேயே தீர்க்குமா? தலைப்பில் இரண்டு சொல் ஒத்துப்போனதால் மூடியிருந்தால் அது அவசரம். குறிப்பிட்ட டேகில் (கேள்வி எதைப் பற்றியது என்று காட்டும் குறிச்சொல்) தங்க பேட்ஜ் உள்ளவர்கள் தனி ஆளாகவே நகல் என்று மூட முடியும். ஒரு வேட்பாளரிடம் அந்த பேட்ஜ் இருந்தால் உங்களுக்கு நல்ல வாய்ப்பு: தனியாகத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கொஞ்சம் கையில் இருந்தபோது அவர் என்ன செய்தார் என்று நேரடியாகவே பார்த்துவிடலாம். மாடரேட்டர் பதவிக்கு இதைவிட நெருக்கமான முன்மாதிரி கிடைக்காது.

அப்புறம், கேள்வி திருத்தப்பட்ட பிறகு அவர் திரும்பி வந்தாரா? மூடுவதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள், திறப்பதற்குத்தான் ஆள் குறைவு. திறக்கவும் ஓட்டுப் போட்டிருப்பவரைக் கண்டால் அவர் பெயரை மேலே ஏற்றுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மூடப்பட்டு, பதிலும் புள்ளியும் இல்லாமல் கிடக்கும் கேள்விகளைத் தளமே சில நாட்களில் தானாக நீக்கிவிடும். 10,000 ரெபுடேஷன் இல்லாதவர்களுக்கு நீக்கியவை தெரியாது. அதாவது அவர் சரியாக மூடிய குப்பைக் கேள்விகள் நம் கண்ணிலிருந்து மறைந்திருக்கும். சர்ச்சைக்குரியவை மட்டும் மிஞ்சியிருக்கும். அதைக் கணக்கில் கொள்ளாவிட்டால் கடுமையாக உழைக்கும் ஒருவரை அநியாயமாக மதிப்பிட்டுவிடுவோம். 10,000 தாண்டிய நண்பர் யாராவது இருந்தால், அவரோடு உட்கார்ந்து பாருங்கள்.

எடிட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொருளைத் தெளிவாக்கினாரா, வெறுமனே ஒரு எழுத்தைப் பெரிதாக்கி எண்ணிக்கை சேர்த்தாரா என்பது ஐந்து எடிட்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மெட்டாவில் அவர் என்ன பேசினார்

தளத்தின் விதிகளைப் பற்றிய விவாதம் மெட்டா என்ற தனிப் பகுதியில் நடக்கும். அங்கே மைனஸ் ஓட்டு என்றால் 'தப்பு' என்று அர்த்தமில்லை, 'எனக்கு உடன்பாடில்லை' என்று அர்த்தம். அதனால் மெட்டாவில் -15 வாங்கிய பதிவைப் பார்த்து மிரளாதீர்கள். கூட்டத்துக்கு எதிராக நின்று மரியாதையோடு காரணம் சொல்லியிருந்தால், அது அவருக்குச் சாதகம்.

செயற்கை நுண்ணறிவு பற்றி அவர் எழுதியதைக் கட்டாயம் தேடுங்கள். சாட்ஜிபிடி வெளியான சில நாட்களிலேயே, 2022 டிசம்பரில், அதை வைத்து எழுதிய பதில்களுக்கு ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தடை போட்டது. அந்தத் தடையை எப்படி அமல்படுத்துவது என்பதில் நிறுவனத்துக்கும் மாடரேட்டர்களுக்கும் மோதல் வந்து, 2023 ஜூனில் மாடரேட்டர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். அந்த நேரத்தில் வேட்பாளர் எந்தப் பக்கம் நின்றார் என்பதைவிட, எப்படி வாதாடினார் என்பது முக்கியம். அதோடு, சாதாரண நாட்களில் யாருடைய பதிலின் கீழாவது "இது ஏஐ எழுதியது" என்று பொதுவெளியில் குற்றம் சாட்டும் வழக்கம் அவருக்கு உண்டா என்று பாருங்கள். நம்மவர்களில் பலர் பள்ளியில் படித்த ஒரு மாதிரியான முறையான ஆங்கிலத்தில் எழுதுகிறோம். அந்த நடையை இயந்திரம் என்று தவறாக நினைப்பது எளிது. சந்தேகம் வந்தால் அமைதியாக ஃபிளாக் கொடுத்துவிட்டு நகர்கிறவரே அந்த நாற்காலிக்குத் தகுந்தவர்.

"நம்ம ஆள்" என்ற கேள்வி

இதை மழுப்பாமல் பேசலாம். ஒரே ஊர்க்காரர், ஒரே நிறுவனம் என்பதற்காக ஓட்டுப் போட்டால், நாளை யாராவது நம் எல்லா ஓட்டையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். பாதிக்கப்படுவது நேர்மையாக நிற்கும் அடுத்த இந்திய வேட்பாளர்.

ஆனால் இந்தியாவில் இருப்பது ஒரு தகுதியாகக் கருதப்பட நல்ல காரணம் ஒன்று உண்டு. நம் பகல் அமெரிக்காவின் இரவு. நமக்குக் காலை பதினொரு மணிக்கு ஸ்பேம் வந்து குவிந்தால், அங்கே பெரும்பாலோர் தூக்கத்தில் இருப்பார்கள். அந்த நேரத்தில் விழித்திருக்கும் மாடரேட்டர் தளத்துக்குத் தேவை. அதனால் வேட்பாளரின் நடவடிக்கைகள் எந்த நேரத்தில் பதிவாகியிருக்கின்றன என்று பாருங்கள். பெங்களூரில் இருந்துகொண்டு, அமெரிக்க ஷிஃப்டில் வேலை செய்து, நள்ளிரவில் மட்டும் வருபவர் என்றால் இந்தக் காரணம் அவருக்குப் பொருந்தாது.

வேட்பாளர் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்து, அதன் தயாரிப்பைப் பற்றிய கேள்விகளுக்கே பதில் எழுதுகிறாரா? தவறில்லை. ஆனால் தன் தயாரிப்பைப் பரிந்துரைக்கும்போது, தான் அங்கே வேலை செய்வதை வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். அது தளத்தின் விதி. ஐந்தாறு பதில்களில் சொல்லாமல் விட்டிருந்தால் அதைப் பற்றிக் கேளுங்கள்.

ஒரு எல்லையையும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் யாரையும் மூன்று பேர் வழியாக எட்டிப் பிடித்துவிடலாம். "அவன் ஆபீஸ்ல எப்படி?" என்று விசாரிப்பது, லிங்க்ட்இன், ஃபேஸ்புக் எல்லாம் கிளறுவது, சொந்த ஊர் எது, என்ன ஆள் என்று தோண்டுவது, இவை எதுவும் வேண்டாம். தளத்தில் அவர் செய்தது மட்டுமே நம் கணக்கு.

தெரியாததைக் கேட்டுவிடுங்கள்

ஃபிளாக்குகள், யாருக்கு என்ன ஓட்டு, முடிந்துபோன பழைய தடைகள் எதுவும் வெளியில் தெரியாது. கடந்த ஓராண்டில் தடைபெற்றவர் போட்டியிட முடியாது என்ற விதி மட்டும் நமக்கு ஒரு பாதுகாப்பு.

வேட்புமனுவின் கீழேயே கமெண்டில் கேட்கலாம். லிங்கோடு, ஒரே ஒரு விஷயத்தை, குற்றச்சாட்டாக இல்லாமல் கேளுங்கள்: "இந்தக் கேள்வியை நகல் என்று மூடியிருக்கிறீர்கள், அந்தப் பழைய பதில் புதிய வெர்ஷனுக்குப் பொருந்தாது போலிருக்கிறது. இன்று பார்த்தால் என்ன செய்வீர்கள்?" வரும் பதிலையும் ஆய்வில் சேர்த்துக்கொள்ளுங்கள். "அன்று கவனிக்கவில்லை, இப்போது திறக்க ஓட்டுப் போட்டுவிட்டேன்" என்பவரும், "நீங்கள் விதிகளைப் படிக்கவில்லை" என்பவரும் நாளை உங்களிடமும் அப்படியேதான் பேசுவார்கள்.

எல்லா வேட்பாளர்களும் பதில் சொல்லும் பொதுவான கேள்வித்தாளும் உண்டு. நல்ல பதில்களை எழுதிக் குவித்தாலும் கமெண்டில் ஓயாமல் சண்டை வளர்க்கும் பயனரை என்ன செய்வீர்கள், சக மாடரேட்டர் மூடிய கேள்வி மூடப்பட்டிருக்கக் கூடாது என்று நீங்கள் நினைத்தால் என்ன செய்வீர்கள் என்ற இரண்டும் அடிக்கடி வரும். பதில்கள் பெரும்பாலும் அழகாகவே இருக்கும். நீங்கள் ஏற்கெனவே படித்த கமெண்ட்களை அந்தப் பதிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதனால்தான் கேள்வித்தாளைக் கடைசியில் படிக்கச் சொல்கிறேன்.

தமிழ் விக்கிப்பீடியாவில் என்றால்

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே பார்வை உதவும், கருவிகள்தான் வேறு. பயனர் பங்களிப்புகள் பக்கத்தில் ஒவ்வொரு தொகுப்பும் (எடிட்டும்) எத்தனை பைட் கூட்டியது, குறைத்தது என்று தெரியும். எக்ஸ்டூல்ஸ் என்ற கருவி, கட்டுரைகளில் எவ்வளவு, பேச்சுப் பக்கங்களில் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். பத்தாயிரம் தொகுப்பு இருந்தும் பேச்சுப் பக்கங்களில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லையென்றால், அவர் யாரோடும் பேசிப் பழகாதவர். நிர்வாகி வேலையோ பேச்சில்தான் பாதி நடக்கும்.

மற்றவர் எழுதியதை மீளமைத்தபோது தொகுப்புச் சுருக்கத்தில் காரணம் எழுதினாரா என்று பாருங்கள். ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கத்தில் நடந்த பழைய விவாதங்களையும் புரட்டுங்கள். கிரந்த எழுத்துகளைப் பயன்படுத்தலாமா, இலங்கை வழக்கா தமிழக வழக்கா என்பவை அங்கே வருடக்கணக்காக உரசும் விஷயங்கள். அந்தச் சூட்டில், தனக்குப் பிடிக்காத வழக்கில் எழுதப்பட்ட கட்டுரையைத் தொடாமல் விட்டாரா, ஒப்புதல் இல்லாமல் மாற்றிக்கொண்டே போனாரா என்பதை வரலாற்றுப் பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே ஆதரவும் எதிர்ப்பும் பெயரோடு பதிவாகும். தெரிந்தவர்களுக்கு எதிராக எழுதக் கை கூசும். அப்படிப்பட்ட நேரத்தில் வெறும் "எதிர்ப்பு" என்று போடாமல், இரண்டு தொகுப்புகளின் இணைப்பைக் கொடுத்து, உங்கள் தயக்கம் என்னவென்று மரியாதையாக எழுதுங்கள். வேட்பாளருக்கும் அது உதவும்.

ஓட்டுச் சீட்டை நிரப்புவது

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் விருப்ப வரிசையில் ஓட்டுப் போட வேண்டும். உங்கள் முதல் தேர்வு தேவைக்கு மேல் ஓட்டு வாங்கி வென்றால், மிச்சமுள்ள மதிப்பு உங்கள் இரண்டாம் தேர்வுக்குப் போகும். தோற்று வெளியேறினாலும் உங்கள் ஓட்டு அடுத்தவருக்குப் போகும். இரண்டாவது, மூன்றாவது பெயரை எழுதுவதால் முதலாமவரின் வாய்ப்பு குறையாது. அதனால் உங்களுக்குத் திருப்தியான எல்லோரையும் வரிசைப்படுத்துங்கள். ஆனால் வரவே கூடாது என்று நினைப்பவரை, கடைசியில்தானே என்று சேர்த்துவிடாதீர்கள். மேலே உள்ளவர்கள் முடிந்தபின் உங்கள் ஓட்டு அவரிடமே போய்ச் சேரலாம். அவர் பெயரை விட்டுவிடுங்கள்.

எல்லோரையும் ஒரே நாளில் படிக்க முடியாவிட்டால், வேட்புமனுக் காலத்திலேயே தினம் இருவராகத் தொடங்குங்கள். ஆளுக்கு நாலைந்து வரிக் குறிப்பும், இரண்டு லிங்கும் எடுத்து வையுங்கள். அந்தக் குறிப்பை வாட்ஸ்அப் குழுவிலும் போடலாம், "இவருக்குப் போடுங்கள்" என்று சொல்லாமல், லிங்கோடு மட்டும்.